வயிற்றுப்போக்கு என்று வந்த மலச்சிக்கல்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஏப்ரல் கடைசி வாரம். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில் உள்ள ஒரு மீனவக் குடியிருப்பிலிருந்து 68 வயதுப் பெரியவர் ஒருவரை அவருடைய மகன் ஆட்டோவில் அழைத்து வந்தார். இருக்கையில் பாலிதீன் தாளை விரித்து, அதன் மேல் பழைய சேலை ஒன்றை நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள். "ஐந்து நாளாக வயிற்றால் போகிறது டாக்டர். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், நிற்கவில்லை" என்றார் மகன். பெரியவர் குனிந்த தலை நிமிரவில்லை. அவருக்கு இருந்த பார்க்கின்சன் நோய் (நடுக்குவாதம்) கழுத்தைக் குனிய வைக்கும் என்பது உண்மை. அன்று அவர் குனிந்திருந்ததற்கு அது மட்டும் காரணமில்லை.

அவருக்கு இருந்தது வயிற்றுப்போக்கு அல்ல. பதினொரு நாளாக மலம் இறங்காமல் மலக்குடலில் கல்லாகிக் கிடந்தது. அதைச் சுற்றிக் கசிந்த தண்ணீரைத்தான் குடும்பம் போக்கு என்று நினைத்திருந்தது.

ஆறு வாரத்துக்கு முன்புதான் அவர் என்னிடம் வந்து போயிருந்தார். அப்போது அவர் சொன்ன குறை ஒன்றே ஒன்று: "மாத்திரை முன்னைப் போலப் பிடிக்கவில்லை." நடுக்கத்தைப் பார்த்தேன், நடக்கச் சொல்லிப் பார்த்தேன், தூக்கத்தைக் கேட்டேன், எத்தனை முறை விழுந்தார் என்று கேட்டேன். நோய் முற்றுகிறது என்று முடிவு செய்து மாத்திரையின் அளவைக் கூட்டி அனுப்பினேன். வெளிக்குப் போகிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஆட்டோப் பயணம் இருந்திருக்காது. இந்த ஆய்வை எழுதுவதற்கு அதுவே முதல் காரணம். பெரியவரும் அவர் மனைவியும் எழுதச் சம்மதித்தார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

முந்தைய வரலாறு

பன்னிரண்டு வயதிலிருந்து கடலுக்குப் போனவர். நாட்டுப்படகு, பிறகு கொஞ்ச காலம் கரைவலை. நான்கு ஆண்டுகளுக்கு முன் வலது கையில் நடுக்கம் தொடங்கியது. வலைக்கண்ணைக் கோக்கும்போது ஊசி நழுவுகிறது என்று சொல்லித்தான் முதலில் மருத்துவரிடம் போயிருக்கிறார். பார்க்கின்சன் நோய் என்று உறுதியாகி லெவோடோபா-கார்பிடோபா மாத்திரை தொடங்கினார்கள். நடுக்கத்துக்கென்று டிரைஹெக்சிஃபெனிடில் 2 மில்லிகிராம் மூன்று வேளையும் சேர்த்தார்கள்.

அன்று அவர் மனைவியிடம் நிதானமாக உட்கார்ந்து பேசியபோது கிடைத்த வரலாறு வேறு மாதிரி இருந்தது. பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, கருவாடு காயப்போட்ட களத்தின் நடுவில் நின்றுகொண்டு "வாசமே தெரியவில்லையே" என்று கேட்டாராம். சளி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அதே காலத்தில் தூக்கத்தில் கத்துவதும், வலை இழுப்பது போலக் கையை வீசுவதும் இருந்திருக்கிறது. ஒருமுறை அந்தக் கை பட்டு அந்த அம்மாவின் புருவம் வீங்கிவிட்டது. அதற்கும் முன்னால், ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளாக, மலச்சிக்கல். நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரைச் சூரணம் வாங்கி வைத்துக்கொண்டு வாரம் இரண்டு இரவு சாப்பிடுவார். கடலில் கிடப்பவர்களுக்கு இது சகஜம் என்று எல்லோரும் நினைத்தார்கள். (நிலாவாரை நம் மண்ணின் செடி. திருநெல்வேலி, ராமநாதபுரம் வட்டார மானாவாரி நிலங்களில் விளைந்து 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போவது. நல்ல மருந்துதான். ஆனால் பதினைந்து ஆண்டுகள் ஒருவர் அதை நம்பியே வெளிக்குப் போகிறார் என்றால், காரணத்தை யாராவது ஒருவர் தேடியிருக்க வேண்டும்.)

மணம் தெரியாமை, தூக்கத்தில் கை கால் வீசுதல், மலச்சிக்கல் ஆகிய மூன்றும் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்னால் வரக்கூடியவை. மலச்சிக்கல் உள்ள எல்லோருக்கும் பார்க்கின்சன் வரும் என்று இதைப் புரிந்துகொண்டு யாரும் கலங்க வேண்டாம். மிகப் பெரும்பாலோருக்கு வராது. ஆனால் இந்தப் பெரியவரின் நோய்க்கு வயது நான்கு அல்ல, பதினைந்துக்குக் குறையாது என்று நான் நினைக்கிறேன்.

பரிசோதனை

படுத்திருக்கும்போது இரத்த அழுத்தம் 138/80. எழுந்து நின்ற மூன்றாவது நிமிடத்தில் 110/68. வாய் உலர்ந்து நாக்கு உதட்டில் ஒட்டியது. வயிறு உப்பலாக இருந்தது. இடது அடிவயிற்றில் உருண்டையாக ஒரு கட்டி கைக்குத் தென்பட்டது. விரலால் அழுத்தினால் பிசைந்த மாவைப் போலக் குழி விழுந்து அப்படியே நின்றது. புற்றுக்கட்டியில் இப்படிக் குழி விழாது. தொப்புளுக்குக் கீழே சிறுநீர்ப்பையும் நிரம்பி நின்றது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று மகன் சொன்னதன் பொருள் அப்போது புரிந்தது. இரண்டு இரவாக "படகில் தண்ணீர் ஏறுகிறது" என்று எழுந்து உட்கார்ந்து உளறுகிறார் என்றும் சொன்னார்கள்.

ஆசனவாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றதும் பெரியவர் முதல்முறையாக வாயைத் திறந்தார்: "பையனை வெளியே போகச் சொல்லுங்கள்." மகன் போனார். ஆண் செவிலியர் மட்டும் பக்கத்தில் இருந்தார். விரல் முனையிலேயே கல் போன்ற மலம் தட்டியது. "முக்குங்கள் ஐயா" என்றேன். தளர வேண்டிய சுருக்குத்தசை என் விரலை இறுக்கிப் பிடித்தது. மறுபடியும் சொன்னேன், மறுபடியும் இறுகியது. அவர் முயலாமல் இல்லை. முகம் சிவந்து நெற்றி நரம்பு புடைத்தது. கதவைத் திறக்கச் சொல்லும் ஆணை போகிறது, கதவோ சாத்திக்கொள்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வாசற்படியைக் கண்டதும் கால் தரையில் ஒட்டிக்கொள்வதைக் குடும்பத்தினர் பார்த்திருப்பார்கள். இடுப்புத்தளத் தசையிலும் ஏறத்தாழ அதே தடுமாற்றம் நடக்கிறது. வெளியே தெரியாது என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

எக்ஸ்-ரேயில் பெருங்குடல் முறுக்கு இல்லை, அடைப்பால் குடல் வெடிக்கும் ஆபத்தும் இல்லை. இடப்பக்கம் முழுக்க மலம். தைராய்டு, கால்சியம், பொட்டாசியம் சரி. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சற்றுக் கூடுதல். ஹீமோகுளோபின் 13.1. மலத்தில் இரத்தம் இல்லை, எடை குறையவில்லை. இந்த இரண்டும் இருந்திருந்தாலோ, இரத்தசோகை இருந்திருந்தாலோ, பார்க்கின்சன் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்க முடியாது. பெருங்குடல் அகநோக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

பிறகு மகன் கொண்டுவந்த மஞ்சள் பையை மேசையில் கொட்டினேன். அதில் எங்கள் சீட்டில் இல்லாத மூன்று பொருள்கள் இருந்தன. ஒன்று, போக்கை நிறுத்தக் கடையில் கொடுத்த லோபெரமைடு. குடலின் அசைவை நிறுத்தும் மருந்து அது. ஏற்கெனவே நின்றுபோன குடலை மேலும் கட்டிப் போட்டுவிட்டது. இரண்டு, ஒரு முகாமில் "சத்து மாத்திரை" என்று வாங்கிய இரும்புச்சத்து. மலத்தை இறுக்குவதோடு, வயிற்றில் லெவோடோபாவைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமலும் தடுக்கும். மூன்று, பாதி தீர்ந்த திரவப் பாரஃபின் பாட்டில். தண்ணீர் குடித்தாலே இருமுபவர் இவர். விழுங்குவதில் தடுமாற்றம் உள்ளவருக்கு எண்ணெய் போன்ற அந்த மருந்தைக் கொடுத்தால், ஒரு மடக்கு வழிதவறி நுரையீரலுக்குள் போனாலும் நிமோனியா வரும். பாட்டிலை அப்போதே வாங்கி வைத்துக்கொண்டேன்.

குடல் ஏன் நிற்கிறது

பார்க்கின்சன் மூளை நோய் என்று சொல்லியே பழகிவிட்டோம். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் தான் கண்ட ஆறு பேரை வைத்து நடுக்குவாதத்தை விவரித்தபோதே, குடல் மந்தமாகிவிடுவதையும், பலமான மலமிளக்கிகள் தேவைப்படுவதையும், சில வேளை கையாலோ கருவியாலோ மலத்தை எடுக்க வேண்டியிருப்பதையும் எழுதியிருக்கிறார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நடுக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறோம்.

உணவுக்குழாய் முதல் ஆசனவாய் வரை குடல் சுவருக்குள் ஒரு நரம்பு வலை இருக்கிறது. அதில் உள்ள நரம்பணுக்கள் பத்துக் கோடிக்கும் மேல். மூளையின் அணுக்களில் திரளும் ஆல்ஃபா-சைனூக்ளின் என்னும் அதே புரதம் இந்தக் குடல் நரம்புகளிலும் திரள்கிறது. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஹெய்கோ பிராக்கும் அவருடைய குழுவினரும் 2003இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: சேதம் முதலில் மணமறியும் நரம்புக் குமிழிலும், குடலோடு பேசும் வேகஸ் நரம்பின் மூளைத்தண்டு மையத்திலும் தொடங்கி, பிறகே மேலே ஏறி நடுக்கத்தை உண்டாக்கும் பகுதியைத் தொடுகிறது. எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்துவதில்லை. குடலில் தொடங்குபவர்களும் மூளையில் தொடங்குபவர்களும் என இரு வகை இருக்கலாம் என்ற வாதமும் உண்டு. ஆனால் கருவாட்டுக் களத்தில் வாசம் தெரியாமல் நின்ற இந்த மனிதரின் கதை பிராக் சொன்ன வரிசையில் அப்படியே நடந்திருக்கிறது.

ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலூவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் சுமார் 6,800 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001இல் வெளியான ஆய்வு, தினம் ஒருமுறை மலம் கழித்தவர்களைவிட அதற்கும் குறைவாகக் கழித்தவர்களுக்குப் பின்னாளில் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 2.7 மடங்கு என்று கண்டது. அந்த ஆண்களில் பலருக்கு மலச்சிக்கல் நோய்க்குப் பத்தாண்டுக்கு முன்பே இருந்தது.

குடல் நகரும் வேகம் குறைவது ஒன்று, கடைசி வாசலில் தசை தளராதது ஒன்று. இந்த இரண்டுக்கும் மேலே நாங்கள் கொடுக்கும் மருந்துகள். டிரைஹெக்சிஃபெனிடில் நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கும். ஆனால் குடலையும் சிறுநீர்ப்பையையும் சேர்த்து அடக்கிவிடும். வாயை உலர்த்தும், வயதானவர்களின் நினைவைக் குழப்பும். இவருடைய நான்கு தொல்லைகளுக்கு இந்த ஒரு மாத்திரை துணைபோனது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு அதை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மாத்திரை ஏன் பிடிக்கவில்லை

இதைக் குடும்பத்துக்கு விளக்கப் பாம்பன் தூக்குப்பாலம்தான் கைகொடுத்தது. லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்குப் போனால்தான் இரத்தத்தில் ஏறும். பார்க்கின்சனில் இரைப்பையும் மெதுவாகத்தான் காலியாகும். கீழே பெருங்குடல் அடைந்து கிடந்தால் மேலே வயிறும் மந்திக்கும். "பாலம் திறக்கிற வரைக்கும் படகெல்லாம் நங்கூரம் போட்டுக் கிடக்கிற மாதிரியா?" என்று மகனே கேட்டார். அப்படித்தான். பாலம் திறந்த பிறகும் இன்னொரு நெருக்கடி இருக்கிறது. மீனிலும் முட்டையிலும் பருப்பிலும் உள்ள புரதம் செரித்து அமினோ அமிலங்களாகும். லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம்தான். எல்லாம் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும். வெறும் வயிற்றில் மாத்திரை போடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், பெரியவருக்கு மீன்குழம்புச் சோறு ஊட்டிய கையோடு மாத்திரையைக் கொடுத்துவந்தார்கள்.

ஆறு வாரத்துக்கு முன் நான் அளவைக் கூட்டியபோது, காத்துக் கிடந்த படகுகளோடு இன்னும் இரண்டு படகைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

முதல் மூன்று நாள்

முதலில் சிறுநீர்ப்பைக்குக் குழாய் போட்டோம். 700 மில்லிலிட்டர் இறங்கியது. பிறகு மரத்துப்போகும் ஜெல்லி தடவி, விரலால் மலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. இடையில் இரண்டு முறை நிறுத்தி நாடித்துடிப்பைப் பார்த்தோம். வயதானவர்களுக்கு இதைச் செய்யும்போது இதயத்துடிப்பு திடீரென்று குறைந்து மயக்கம் வரலாம். பெரியவர் ஒரு சத்தமும் எழுப்பவில்லை. முடிந்து துடைத்துவிட்டு வேட்டியைக் கட்டிவிட்டபோது, நடுங்கும் கையால் செவிலியரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடாமல் வெகுநேரம் பிடித்திருந்தார்.

அடுத்த இரண்டு நாள் வெதுவெதுப்பான உப்புநீர் எனிமா. வாசல் திறந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் மேலேயிருந்து மேக்ரோகோல் தூள் கொடுத்தோம். கீழே அடைத்திருக்கும்போது மேலேயிருந்து பலமான மலமிளக்கியைக் கொடுப்பது ஆபத்து. மூன்றாம் நாள் குழாயை எடுத்ததும் சிறுநீர் தானாகவே போனது. இரவு உளறலும் குறைந்தது. லோபெரமைடு, இரும்புச்சத்து, பாரஃபின் மூன்றும் முதல் நாளே நின்றுபோயின. டிரைஹெக்சிஃபெனிடிலை மட்டும் ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு மாத்திரை வீதம் குறைத்தோம். திடீரென்று நிறுத்தினால் உடல் இறுகிப்போகும்.

தண்ணீர்

"நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லி அனுப்புவது மருத்துவர்களுக்கு எளிது. இந்தக் கரையில் அந்தச் சொல்லுக்கு விலை இருக்கிறது. நிலத்தடி நீர் உப்பு. காவிரிக் கூட்டுக்குடிநீர்க் குழாயில் தண்ணீர் வராத நாட்களில், வண்டியில் வருவதைக் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மருமகள் இடுப்பில் குடத்தோடு வருவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் இவர். சம்பாதிக்காத வயிற்றுக்கு எதற்கு இத்தனை செம்பு என்று தோன்றியிருக்கிறது. இரவில் சிறுநீருக்கு எழுந்தால் யாரையாவது எழுப்ப வேண்டும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. கணக்குப் பார்த்தால் நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் அவர் குடிக்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனியாக, மெதுவாகக் கேட்டபோது சொன்னார்.

மருமகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவிதான் சொன்னார். மறுநாள் அந்தப் பெண் மாமனார் முன்னால் வந்து நின்று, "மாமா, நான் சுமப்பது எல்லோருக்கும்தான். நீங்கள் குடிக்காமல் மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். மருந்துச் சீட்டில் நான் எழுதிய எதையும்விட அந்தக் கேள்வி வேலை செய்தது.

மாலை நான்கு மணிக்குள் ஏழு டம்ளர் என்று முடிவு செய்தோம். தண்ணீர் மட்டும் என்றில்லை. நீராகாரம், கேப்பைக் கூழ், பருவத்தில் பதநீர், நுங்கு எல்லாம் கணக்கில் சேரும். கூழ் போலக் கொஞ்சம் கெட்டியாக இருப்பது இவருக்கு இருமாமல் இறங்கவும் செய்தது. கணக்கு வைக்கப் பேரன் ஒரு வழி கண்டுபிடித்தான். இரண்டு கொட்டாங்கச்சி, ஏழு சிப்பி. ஒரு டம்ளர் குடித்தால் ஒரு சிப்பி இந்தச் சிரட்டையிலிருந்து அந்தச் சிரட்டைக்கு. நடுங்கும் விரலால் சிப்பியை எடுத்துப் போடுவது கைக்குப் பயிற்சியாகவும் ஆனது.

மேக்ரோகோல் தினம் 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில். பார்க்கின்சன் மலச்சிக்கலுக்கு ஆய்வில் பலன் காட்டிய மருந்துகளில் இது ஒன்று. குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும், பழக்கத்துக்கு அடிமையாக்காது. மூன்று நாள் போகாவிட்டால் மட்டும், குடலைத் தூண்டும் பிசாகோடில் ஒன்று. லூபிப்ரோஸ்டோன் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. இவருக்குத் தேவைப்படவில்லை.

கழிப்பறை

ஐம்பது ஆண்டுகள் விடியற்காலையில் கடற்கரையில் குந்தி உட்கார்ந்தவர். குந்தும்போது முழங்கால் இடுப்புக்கு மேலே வந்து மலக்குடலின் வளைவு நேராகும். மலம் இறங்க அதைவிட நல்ல இருப்பு இல்லை. உடல் இறுகிய பிறகு அவரால் குந்தி எழ முடியவில்லை. மகன் கடன் வாங்கி உட்காரும் கழிப்பறை கட்டினார். அது பெரியவருக்கு உயரம் அதிகம். பாதம் தரையில் படாமல் தொங்கியது. தொங்கும் காலோடு முக்க முடியாது.

மகனும் நானும் அந்தக் கழிப்பறையில் நின்று அளந்தோம். மீன்பெட்டிப் பலகையில் ஒரு சாண் உயரத்துக்கு மணை ஒன்று செய்தார். அதில் பாதத்தை ஊன்றி, முழங்கையைத் தொடையில் வைத்து முன்பக்கம் சாய்ந்தால் ஏறக்குறைய குந்தும் இருப்பு வந்துவிடும். எழுவதற்குப் பிடிமானம் வேண்டும். இரும்புக் கம்பி பொருத்த ஆள் தேடிக்கொண்டிருக்கவில்லை. உத்தரத்திலிருந்து நங்கூரக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டு, ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு போட்டார். அந்தக் கயிற்றைப் பெரியவரின் கைக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முடிச்சைத் தடவிப் பிடித்து எழுந்தார்.

முக்கும்போது மூச்சை அடக்காமல், ஊதுவது போல வெளியே விட்டு வயிற்றை முன்பக்கம் தள்ளச் சொல்லிக்கொடுத்தேன். மூச்சை அடக்கி முக்கினால் அழுத்தம் இறங்கி மயங்கி விழும் ஆபத்து இவருக்கு உண்டு. சுருக்குத்தசையைத் தளர்த்தக் கருவி வைத்துக் கற்றுத்தரும் பயிற்சி பெரிய நகரங்களில் கிடைக்கிறது. மதுரைக்கு ஒவ்வொரு முறையும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்வது இவர்களுக்கு முடியாத காரியம்.

மாத்திரை நேரமும் மாறியது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், வெறும் தண்ணீரோடு. நான் கூட்டியிருந்த 600 மில்லிகிராமை 500 ஆக்கி, நூறு நூறாக ஐந்து வேளைக்குப் பிரித்தேன். பழைய 400க்குத் திரும்ப முடியவில்லை. மீனைக் குறைக்கச் சொல்லவில்லை. கடற்கரைக்காரரிடம் மீனைப் பறித்தால் எடையும் மனமும் சேர்ந்து இறங்கும். மாத்திரைக்கும் மீனுக்கும் நடுவே அரை மணி இடைவெளி இருந்தால் போதும்.

பேரன் ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதினான். பிரிஸ்டல் அளவுகோலில் மலத்துக்கு ஏழு வடிவம் உண்டு. அதை வீட்டு மொழியில் மாற்றிக்கொண்டார்கள்: ஆட்டுப்புழுக்கை, பனங்கிழங்கு, வாழைப்பழம், கூழ். மே மாதத்தின் முதல் பக்கங்களில் புழுக்கை. கடைசிப் பக்கங்களில் வாழைப்பழம், வாரத்துக்கு ஐந்து. மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துக் கை இளகியது போய், நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் இளகத் தொடங்கியது.

ஜூன் 15க்குப் பிறகு

தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடிந்தது. மகன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். கடலுக்குப் போய்விட்டார். பேரன் பள்ளிக்குப் போனான். மனைவி பாசி எடுக்கும் நாட்களில் விடியலுக்கு முன்பே கிளம்பிவிடுவார். மருமகளிடம் கழிப்பறைக்கு அழைத்துப் போகச் சொல்லப் பெரியவருக்குக் கூச்சம். காலையில் வந்த உணர்ச்சியை அடக்கினார், அடக்குவதற்காகத் தண்ணீரைக் குறைத்தார். இதே சமயத்தில் மேக்ரோகோல் தூளின் விலை கட்டவில்லை என்று இசப்கோலுக்கு மாற்றிவிட்டார்கள். இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி ஊதும் பொருள். தண்ணீர் குடிக்காதவர் வயிற்றில் அது களிமண்ணாகிவிடும். (அம்மா எடுத்து விற்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து காய்ச்சும் அகர்-அகரும் இதே போல ஊதும் வகைதான். அதையும் ஒரு காலத்தில் மலமிளக்கியாகக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். விழுங்குவதில் சிரமம் இருப்பதால் வேண்டாம் என்றேன்.)

ஜூலை முதல் வாரத்தில் மறுபடி வந்தார். ஆறு நாள் போகவில்லை. நோட்டில் ஜூன் 15க்குப் பிறகு வெற்றுப் பக்கங்கள். இந்த முறை எனிமா ஒன்றிலேயே சரியானது. நாங்கள் மே மாதத்தில் போட்ட திட்டம் முழுவதும், மகன் வீட்டில் இருப்பார் என்பதை நம்பிப் போட்டது. தடைக்காலம் முடியும் தேதி எனக்குத் தெரியும். இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும் திட்டத்தில் அதை நான் எழுதவில்லை.

நேரத்தை மாற்றினோம். பாசிக்குப் போகும் நாளிலும் அம்மா மதியத்துக்குள் திரும்பிவிடுவார். ஒரு மணிக்கு மாத்திரை, ஒன்றரைக்குச் சாப்பாடு, இரண்டு மணிக்குக் கழிப்பறை. வயிறு நிறைந்ததும் பெருங்குடல் ஒருமுறை அசைந்து கொடுக்கும். அதே நேரத்தில் மாத்திரையும் பிடித்திருக்கும். காலைதான் உகந்த நேரம் என்று நாங்கள் சொல்வது வழக்கம். வீட்டில் கைகொடுக்க ஆள் இருக்கும் நேரமே உகந்த நேரம் என்று இந்தக் குடும்பம் எனக்குக் காட்டியது. மேக்ரோகோலை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கினோம். இடைப்பட்ட நாளில் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி. வயிறு கொஞ்சம் உப்புகிறது என்றார், பொறுத்துக்கொள்ள முடிகிறது என்றும் சொன்னார்.

அவருடைய சீட்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்: வாந்தி என்று எங்கே போனாலும் மெட்டோகுளோபிரமைடு ஊசி போடக்கூடாது. பார்க்கின்சனில் மூளையில் ஏற்கெனவே குறைந்திருக்கும் டோபமினை அது தடுக்கும் மருந்து, ஒரே நாளில் ஆளை மரக்கட்டையாக்கிவிடும். டாம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழையாது என்பதால் மாற்றாகத் தரலாம், இதயத்தின் ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு.

இப்போது

டிசம்பர் வரைக்குமான நோட்டு என் முன்னால் இருக்கிறது. வாரத்துக்கு நான்கு, சில வாரம் மூன்று. அடைப்பு மறுபடி வரவில்லை. விழுவது மாதம் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்திருக்கிறது. டிரைஹெக்சிஃபெனிடில் முழுவதும் நின்ற பிறகு வலது கை நடுக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது. இரவில் படகில் தண்ணீர் ஏறுவதில்லை என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. விழுங்குவது மட்டும் மெல்ல மோசமாகிறது. அடுத்த முறை அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுருக்குத்தசை இன்னும் முழுதாகத் தளரவில்லை. சில நாள் இருபது நிமிடம் உட்கார்ந்தும் ஒன்றும் நடக்காமல் எழுந்துவிடுகிறார்.

நவம்பர் கடைசியில், கடல் கொந்தளிப்பால் படகுகள் கரையில் கிடந்த ஒரு நாளில் அவர் வீட்டுக்குப் போனேன். மதியம் இரண்டரை இருக்கும். மகன் வாசலில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். திண்ணையில் இரண்டு கொட்டாங்கச்சி, ஒன்றில் ஐந்து சிப்பி, மற்றதில் இரண்டு. பெரியவரைக் காணவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து கயிறு உத்தரத்தில் உராயும் சத்தம் கேட்டது. அம்மா உதட்டில் விரலை வைத்து, சற்றுப் பொறுங்கள் என்று சைகை காட்டினார்.